மாட்டாமல் ஏறியவன்

ஜூன் 3, செவ்வாய். பணகுடி

படப்பிடிப்பு தொடங்கியது. எடுத்ததில் பாதி குப்பை. காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றாலையைப் படமெடுக்க வந்தவன் முக்காலியின் காலில் மணல் மூட்டை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. எல்லா ஷாட்டும் குளிர்ஜுரம் கண்டவன் கை மாதிரி நடுங்குகிறது.

கொச்சியில் நடக்கும் ஆவணப்படச் சந்தைக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்தில் இருந்த வாக்கியம்: 'காற்றாலைக்குள் ஏறி இறங்கும் மெக்கானிக்குகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படம். இயக்கம்: ஜெனிஷ், மெக்கானிக்கல் எஞ்சினியர், முதல் படம்.' அவர்கள் பதிலும் சின்னதுதான். மாதக் கடைசிக்குள் மூன்று நிமிட டிரெய்லர் அனுப்பு, பிடித்தால் கூப்பிடுகிறோம். கூப்பிட்டால் தயாரிப்பாளர் கிடைப்பார். இல்லையென்றால் மஸ்கட்டில் மாமா பார்த்து வைத்திருக்கும் ஏசி மெயின்டனன்ஸ் வேலை. அம்மா தினமும் போனில் அந்த வேலையைப் பற்றித்தான் பேசுகிறாள்.

நான் பின்தொடரும் ஆள் லிங்கத்துரை. நாற்பது வயதிருக்கும். இந்த சைட்டின் சீனியர் மெக்கானிக். அவரோடு ஏறுபவன் ஐசக், என் வயது, வாய் ஓயாது. இவர்களோடு மூன்றாவதாக ஏறிக்கொண்டிருந்தவர் தவசிக்கனி. இரண்டு வருடம் முன்னால், இதே காற்று சீசனில், கோபுரத்துக்குள் விழுந்து இறந்துபோனார். பாதுகாப்புக் கிளாம்பு உடைந்துவிட்டது என்று அறிக்கை. கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தது, அவர் மனைவி புஷ்பகனிக்கு சைட் ஆபீஸில் டைப்பிங் வேலையும் கொடுத்தது.

அந்த விபத்து இல்லாவிட்டால் என் படம் வெறும் காற்றாடிப் படம்.

ஜூன் 4

மைக் முழுக்கக் காற்று. ஒரு வார்த்தை தேறவில்லை. மைக்குக்கு ரோமத் தொப்பி வாங்கத் திருநெல்வேலி போய் வந்தேன். ஐசக் அதற்குப் பூனைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டான். "பூனைக்குட்டிக்குப் பால் வச்சியா மக்கா?" என்று காலையிலிருந்து நாலு தரம் கேட்டுவிட்டான்.

ஜூன் 7

ஏறுவதை எடுத்தேன்.

கோபுரத்துக்குள் நேர் ஏணி. பக்கத்திலேயே அடியிலிருந்து உச்சிவரை ஒரு கம்பி வடம். இடுப்பு பெல்ட்டில் இருக்கும் கிளாம்பை அந்த வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். கை நழுவினால் கிளாம்பு வடத்தைக் கவ்விக்கொள்ளும். ஆள் தொங்குவான், சாக மாட்டான். இது விதி.

லிங்கத்துரை மாட்டவில்லை. ஐசக்கும் மாட்டவில்லை.

"ஏன் மாட்டல?"

"மாட்டினா ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு தள்ளணும் மக்கா. அதுக்குள்ள இவன் போன்ல கத்துவான்" என்றான் ஐசக்.

"எவன்?"

சொல்லி வைத்த மாதிரி போன் அடித்தது. லிங்கத்துரை ஸ்பீக்கரில் போட்டார்.

"மெஷின் எப்ப ஓடும்?"

"ஏறப்போறோம் சார்."

"காத்து வீசுது, மெஷின் நிக்குது. இன்னும் ஏறப்போறீங்களா? சாயங்காலம் மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது?"

லிங்கத்துரை போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். "சைட் மேனேஜர். இவன்தான்" என்றார் என்னிடம்.

நல்ல காட்சி. டிரெய்லருக்கு ஆகாது, ரொம்ப இருட்டு.

நானும் மாட்டவில்லை. கேமராப் பையும் வடமும் ஒரே பக்கம் வந்து இடிக்கின்றன.

ஜூன் 9

தவசிக்கனி விழுந்த மெஷினுக்குள் போக இன்று அனுமதி கிடைத்தது. அந்த வடத்தை இன்னும் மாற்றவில்லை.

நான் ஒன்றரை வருடம் காற்றாலைக் கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியராகக் குப்பை கொட்டியவன். கிளாம்பின் ஸ்பிரிங் உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கவ்வாமல் வடத்தில் உரசிக்கொண்டே இறங்கும். அத்தனை எடை அத்தனை வேகத்தில் உரசினால் வடத்தில் பிசிறு கிளம்பும், கீறல் விழும். டார்ச் அடித்து, எட்டிய உயரம்வரை விரலால் தடவிப் பார்த்தேன்.

வழவழவென்று இருக்கிறது.

அறிக்கை எழுதியவன் வடத்தைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் தெரியாதவன்.

ஜூன் 11

லிங்கத்துரையைக் கேமரா முன் உட்கார வைக்க இன்றுதான் முடிந்தது. கோபுரத்தடியில், காற்றுக்கு மறைவாக. சட்டைக் காலரில் பொத்தான் மைக்கைக் குத்திவிட்டேன்.

வீடு, பிள்ளைகள், முதல் முறை ஏறிய கதை எல்லாம் நன்றாகச் சொன்னார். பிறகு கேட்டேன்.

"தவசிக்கனி அண்ணன் விழுந்த வடத்தைப் பார்த்தேன். கீறலே இல்லையே?"

"இல்லியா?"

"கிளாம்பு வழுக்கியிருந்தா இருக்கணும்."

"எனக்குத் தெரியாது தம்பி."

"நீங்கதானே முதல்ல இறங்கிப் போய்ப் பார்த்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, லென்ஸைப் பார்த்தார். "டீ வந்திருக்கும், குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து ஆபீஸ் பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. எரிச்சலாக வந்தது. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

மைக்கைக் கழற்றி வாங்க மறந்துவிட்டேன். அவசரத்தில் செய்யும் வேலைக்கு இதுதான் கூலி.

ஜூன் 12

காலையில் லிங்கத்துரையே கொண்டுவந்து கொடுத்தார். "ஒம் பொட்டு என் சட்டையிலேயே இருந்துச்சு தம்பி. நல்ல காலம், வீட்டுல தொவைக்கப் போட இருந்தா." நேற்றைய கோபம் முகத்தில் இல்லை. ஒரு டஜன் பழம் வேறு.

அந்த மைக் கேமராவின் தொடர்பு அறுந்தாலும் தனக்குள்ளேயே பதிவு செய்துகொண்டிருக்கும். அதற்காகத்தான் அதை வாங்கினேன். அவருக்கு அது தெரியாது. மதியம் கணினியில் செருகினேன். சரிபார்க்கத்தான்.

ஆபீஸ் வராந்தா. டீ கிளாஸ் சத்தம். லிங்கத்துரையும் புஷ்பகனியும். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பய வடத்தப் பாத்திருக்கான் புஷ்பம். கீறல் எங்கன்னு கேக்கான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"தெரியாதுன்னேன்."

"அது போதும். அதுக்கு மேல வாயத் தொறக்காதிய அண்ணே."

"ரெண்டு வருசமா நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. அவன் மாட்டாமத்தான் ஏறினான். நான்தான் கீழ வந்து மாட்டிவிட்டேன். டூல் பெட்டிக்குள்ள ஒரு ஒடஞ்ச கிளாம்பு கெடந்துச்சு, அத அவன் பெல்ட்டுல. ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமச் செஞ்சேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆம்புலன்ஸுக்குள்ள நான்தானே கூட இருந்தேன். சட்ட முழுக்க ரத்தம், கிளாம்புல ஒரு சொட்டு இல்ல. நான்தான் தடவிவிட்டேன்."

பிறகு கிளாஸ் கழுவும் சத்தம்.

இதுதான் டிரெய்லர்.

ஜூன் 13

கம்பெனி விதிப்படி, மாட்டாமல் ஏறி விழுந்தால் அது தொழிலாளியின் குற்றம். நஷ்ட ஈடு கிடையாது, குடும்பத்துக்கு வேலை கிடையாது. அதனால் பொய் சொல்லியிருக்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் நான் படமெடுப்பது காரணத்துக்காக இல்லை. பொய் பொய்தான்.

பழம் கறுத்துவிட்டது. தூக்கிப் போட்டேன்.

ஜூன் 14

மேலப்பாளையம் போனேன். ஃபர்ஹானா என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். என் படத்துக்கும் அவள்தான் எடிட்டர். ஹெட்போனை மாட்டிவிட்டு ஒலிப்பதிவைப் போட்டேன். முடிந்த பிறகும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத நீ எடுத்தியா, ஒனக்குக் கெடச்சுதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா மைக்க மறந்துட்டேன்னு ஏன் சொல்லுத?"

"அவர் சொல்றது உண்மை. ஆவணப்படத்துல உண்மையைப் போடாம வேற எதைப் போடுறது?"

"உண்மை ஏற்கெனவே இருக்குடா. அவன் போன்ல கத்துதான், இவங்க மாட்டாம ஏறுதாங்க. மூணு நிமிசத்துக்கு அது போதாதா?"

"இருட்டா இருக்கு."

"வெளிச்சம் ஏத்தித் தாரேன்."

"புள்ளி புள்ளியா வரும்."

"வரட்டும்! புள்ளி வந்தா யாருக்கும் சோறு போவாது. இது வெளிய போனா அந்தப் பொம்பளைக்கு வேலை போவும். குடுத்ததையும் திருப்பிக் கேப்பாங்க. ரத்தத்தத் தடவினேன்னு அவ வாயாலயே சொல்லுதா. ஜெயிலுக்குப் போவா."

"பேர் போட மாட்டேன். முகம் காட்ட மாட்டேன். புஷ்பகனி பேசுறதையே எடுத்துருவேன். லிங்கத்துரை பேசுற ஒரே ஒரு வரி. குரலையும் கனமா மாத்திருவேன்."

"அந்த சைட்டுல எத்தன பேரு செத்திருக்காங்க ஜெனிஷ்?"

எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை. ஒருவர்தான் என்றேன். அவள் ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.

"நான் வெட்ட மாட்டேன். வேணும்னா நீயே வெட்டிக்கோ."

அவளுக்கு எப்போதுமே உணர்ச்சி அதிகம். அவள் அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பசியில்லை என்று வந்துவிட்டேன். வழியில் பரோட்டா சாப்பிட்டேன்.

ஜூன் 15

பைக் செயின் அறுந்தது. மாற்றினேன்.

ஜூன் 18

லிங்கத்துரை வீட்டில் மதியச் சாப்பாடு. வரமாட்டேன் என்றேன், விடவில்லை. நெத்திலிக் குழம்பு. ஐசக் என் இலையைப் பார்த்து, "டைரக்டர் மீன வாலுலேர்ந்து தலைக்குத் திங்காரு பாருங்க, பிளாஷ்பேக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

புஷ்பகனியும் பரிமாற வந்திருந்தார். ஆபீஸில் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான், பக்கத்தில் பேசுவது இதுவே முதல் தடவை. முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி போட்டிருக்கிறார்.

"படம் எப்பம் தம்பி வரும்?"

"முதல்ல டிரெய்லர்."

"அவுக வருவாகளா அதுல?"

"எங்கிட்ட அவர் போட்டோ ஒண்ணுதான் இருக்கு."

"நான் தாரேன். ஏறி நிக்கது ஒண்ணு இருக்கு. மேல, காத்தாடிக் கூண்டுக்கு வெளிய தலைய நீட்டிச் சிரிக்காக. அதப் போடுங்க. ஆபீஸுல வாரவுகல்லாம் விழுந்து செத்தவருன்னுதான் சொல்லுதாவ. ஏறினவரும்தானே?"

நன்றாக இருந்தது அந்த வரி. கேமரா கையில் இல்லை. மறுபடி சொல்லச் சொன்னால் அப்படி வராது.

குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினார். இவர்களிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. சொன்னால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று தெரிந்த பிறகு போட்டால் தப்பு. அதனால் கேட்கவில்லை.

ஜூன் 22

மற்ற காட்சிகளை வைத்து ஒரு டிரெய்லர் வெட்டிப் பார்த்தேன். மின்சார வாரிய விளம்பரம் மாதிரி இருக்கிறது.

ஜூன் 25

குரலைக் கனமாக்கி வெட்டினேன். திரை முழுக்கக் கறுப்பு, காற்றுச் சத்தம் மட்டும். அதன்மேல் அந்த வரி: "அவன் மாட்டாமத்தான் ஏறினான். நான்தான் கீழ வந்து மாட்டிவிட்டேன்." உடனே தவசிக்கனி கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிக்கும் போட்டோ. பிறகு தலைப்பு.

போட்டோ அருமையாகப் பொருந்துகிறது.

ஜூன் 28

அனுப்பிவிட்டேன். துணி துவைத்தேன்.

ஜூலை 8

தேர்வாகிவிட்டது!!

நூற்றுக்கணக்கில் வந்ததாம், எட்டுப் படம்தான் எடுத்திருக்கிறார்கள். 'கறுப்புத் திரையில் வரும் அந்தக் குரல் எங்களைத் தூங்க விடவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மாமாகிட்ட என்ன சொல்லட்டு?" என்றாள். ஃபர்ஹானாவுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

லிங்கத்துரைக்குப் போன் செய்தேன். அவர் போனிலேயே ஐசக்கைக் கூப்பிட்டு, "ஏல, நம்ம படம் கொச்சிக்குப் போவுதாம்ல!" என்று கத்தினார். நான் சீக்கிரம் வைத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை.

ஜூலை 14

சந்தைக்காரர்கள் எட்டு டிரெய்லரையும் தங்கள் பக்கத்தில் பொதுவில் போட்டுவிட்டார்கள். போடுவார்கள் என்று விண்ணப்பத்தின் அடியில் இருந்திருக்கிறது. நான் கடைசிவரை படிக்கவில்லை.

மதியத்துக்குள் ஐசக்கிடமிருந்து போன். வழக்கமாக மக்கா என்றுதான் ஆரம்பிப்பான்.

"எங்க ஸ்டாஃப் குரூப்புல வந்திருக்கு."

"பிடிச்சிருக்கா?"

"ஏல, நீ மனுசந்தானா?"

வைத்துவிட்டான்.

ஜூலை 15

சைட் கேட்டில் லிங்கத்துரை நின்றார். என்னை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவாம். அதைச் சொல்ல வந்தவர் அல்ல அவர், எனக்காகக் காத்திருந்தவர்.

"அண்ணே, பேர் போடல. குரலை மாத்திட்டேன்."

"கொரல மாத்தினா?"

"யாருன்னு தெரியாது."

"மாட்டிவிட்டவன் யாருன்னு ஊருக்கே தெரியாதாக்கும். அவன்கிட்ட மொதல்ல போனது நான். அறிக்கையில எம் பேருதான் இருக்கு." காற்றில் கத்தித்தான் பேச வேண்டும். அவர் கத்தவில்லை, பக்கத்தில் வந்தார். "எம்மேல கைய வச்சிருக்கலாம்ல. நான் சம்பாதிச்சுக்குவேன், எங்கயும் ஏறுவேன். அந்தப் புள்ள சோத்துல கைய வச்சிட்டிய."

அதுவரை வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவர். மரியாதை கொடுத்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 16

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ராகவேந்திரன் போன் செய்தார். நாமக்கல் பக்கத்துக்காரர் மாதிரிப் பேச்சு. ரொம்ப நயம்.

"டிரெய்லர் பார்த்தனுங்க. பிரமாதம். அந்தக் குரல் வருதுல்லங்க, அதோட ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கும்ங்களா?"

"தேடிப் பார்க்கணும்."

"தேடுங்க, தேடுங்க. திங்கக்கிழமை ஆபீஸுக்குக் கொண்டாந்து கொடுத்தீங்கன்னா, நம்ம எல்லா சைட்டுக்கும் ஷூட்டிங் அனுமதி வாங்கித் தர்றது எம் பொறுப்பு. ஹெலிகாப்டர்ல இருந்துகூட எடுக்கலாம்ங்க."

"கொடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு சின்ன விசாரணைங்க. தப்பா கொடுத்தது திரும்பி வரணும்ல?"

ஜூலை 17

மாலையில் புஷ்பகனி அறைக்கு வந்தார். கீழே செல்போன் கடை, மேலே என் அறை. கடைக்காரர் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தேன். அவர் உட்காரவில்லை.

"அது எங்க இருக்கு?"

கணினியைக் காட்டினேன்.

"போடுங்க."

ஹெட்போன் கொடுத்தேன். வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காதில் வைத்துக்கொண்டார். முழுவதையும் கேட்டார். அவர் பேசும் இடம் வந்தபோது முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வயரைச் சுருட்டி மேஜையில் வைத்தார்.

"நல்லாத் தெளிவா இருக்கு" என்றார்.

"அழிச்சிடுறேன்."

"அழிச்சா விட்டுருவாகளா?"

யோசித்தேன். "இல்ல. மறைக்கிறேன்னு நினைப்பாங்க. அண்ணனைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவர் தாங்க மாட்டார்."

"தாங்க மாட்டாக. அவுக பொய்யே சொல்லத் தெரியாத ஆளு. ஒரே ஒரு பொய் சொன்னாக, அதுவும் எனக்காவ." கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க மாமியாவுக்கு வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸு. ஆபீஸுல குடுத்த ஆஸ்பத்திரி அட்டையிலதான் ஓடுது. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

தெரியாது.

"போட்டோவ நானே குடுத்தேன் பாத்தியளா" என்றார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 18

மூன்று இடத்தில் இருந்தது. மைக், கணினி, ஹார்ட் டிஸ்க். மூன்றிலும் அழித்தேன். அதன்மேல் திரும்பத் திரும்ப வேறு ஃபைல் எழுதினேன், யாரும் மீட்க முடியாதபடி.

பிறகு மேலப்பாளையம். ஃபர்ஹானா கதவைத் திறந்துவிட்டு வழிவிடாமல் நின்றாள். என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். வழிவிட்டாள்.

மொட்டை மாடியில், காற்றில், பொத்தான் மைக்கைக் குத்திக்கொண்டு, லிங்கத்துரையின் அந்த வரியை நான் பேசினேன். திரும்பத் திரும்பப் பேசினேன். அவள் கணினியில் கனமாக்கி, டிரெய்லரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ஒப்பிக்காத. நாகர்கோயில் வாடை அடிக்கி. கொஞ்சம் இழுவ கொறை."

"மூச்சு எங்க விடுறார்?"

"'ஏறினான்'னு சொல்லிட்டு. அங்கதான் அவருக்கு முடியல."

இருட்டுவதற்குள் ஒன்று பொருந்தியது. நிபுணரிடம் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். அதிகாரி காதால் கேட்டால் தப்பும்.

"ஒங் கொரலுன்னு சொன்னா, கொச்சிக்காரன் கேக்க மாட்டானா?" என்றாள்.

"கேப்பான்."

"இனிமே நீ எடுக்கிற எதையும் எவனாவது நம்புவானா?"

மைக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டேன்.

ஜூலை 19

கொச்சிக்கு எழுதினேன். கறுப்புத் திரையில் வரும் குரல் உண்மையான பதிவு அல்ல, பரபரப்புக்காக நானே எழுதி, நானே பேசி, குரலை மாற்றிச் சேர்த்தது என்று. சாயங்காலமே பதில் வந்துவிட்டது. படம் நீக்கப்படுகிறது, இனி எந்த ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டாம். அறிவிப்பையும் பொதுவில் போட்டிருக்கிறார்கள், என் பெயரோடு. கீழே யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். சில பேர் நன்றாக எழுதுகிறார்கள்.

ஜூலை 21, திங்கள்

சைட் ஆபீஸ். ராகவேந்திரன் நேரில் குள்ளம். கொச்சி அறிவிப்பை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். நான் ஒலிப்பதிவைக் கொடுத்தேன். மூன்று தரம் கேட்டார்.

"உங்க குரல்?"

"ஆமா."

"இந்தக் கதை எங்கிருந்து வந்துச்சுங்க?"

"நானே யோசிச்சது. மாட்டாம ஏறினா என்ன ஆகும்னு. டிரெய்லர் சப்புன்னு இருந்தது."

"எழுதிக் கொடுங்க. இல்ல, இருங்க." கதவுப் பக்கம் திரும்பி, "ஏம்மா, புஷ்பகனி! இங்க வா. இவர் சொல்லச் சொல்ல டைப் பண்ணு."

அவர் வேண்டுமென்றுதான் கூப்பிட்டார். புஷ்பகனி வந்து, எனக்கு முதுகு காட்டி, கணினி முன் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல டைப் செய்தார். 'அந்தக் குரல் என்னுடையது. விபத்து பற்றி எனக்கு எவரும் எந்தத் தகவலும் தரவில்லை.' விரல்கள் எங்கும் தயங்கவில்லை.

"அந்த வரியை இங்கயே ஒருக்கா பேசிக் காட்டுங்க" என்றார் ராகவேந்திரன்.

பேசினேன். "அவன் மாட்டாமத்தான் ஏறினான்." மூச்சு விட்டேன். "நான்தான் கீழ வந்து மாட்டிவிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. புஷ்பகனியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, லிங்கத்துரை குரல் மாதிரி இல்ல?"

"இல்ல சார். அவுக இப்பிடி ராகம் போட மாட்டாக."

"சரி. உம் புருஷன் சாவை வச்சு இந்த ஆள் கதை கட்டி உலகத்துக்கே காட்டியிருக்கான். நீ பாட்டுக்கு உட்கார்ந்து டைப் பண்ற. உனக்குக் கோபமே வரலியா?"

டைப் செய்யும் சத்தம் நின்றது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை.

புஷ்பகனி எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். என் முன்னால் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றி இடக்கையில் வைத்துக்கொண்டார். அறைந்தார்.

நாற்காலியோடு சாய்ந்து சுவரில் இடித்தேன். வாய்க்குள் உப்புக் கரித்தது. மறுபடியும் ஓங்கிய கையை ராகவேந்திரன் பாய்ந்து பிடித்தார். "போதும்மா, போதும்மா, விடு!" புஷ்பகனியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

"அவுக சிரிச்ச போட்டோ" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ராகவேந்திரன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னிடம், "இனி எங்க எந்த சைட் பக்கமும் உங்களைப் பார்க்கக்கூடாதுங்க" என்றார். முன்னால் இருந்த அந்தக் கூர்மை அவர் குரலில் இல்லை. கோப்பை மூடும் ஆளின் அலுப்புதான் இருந்தது.

புஷ்பகனி திரும்பப் போய் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தேதி இன்னைக்குள்ளத போடவா சார்?"

"போடும்மா."

அச்சு இயந்திரம் தாளை மெதுவாகத் தள்ளியது. அவர் அதை என் முன்னால் வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். என்னிடம் பேனா இல்லை. தன்னுடையதைக் கொடுத்தார். போட்டேன்.

பேனாவைத் திருப்பி நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.